ஜெனரேட்டர் முக்கால் மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது, உதவுங்கள்

குளிர்க்கிடங்கு:
வணக்கம். எங்கள் ஜெனரேட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. டீசல், ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. மெக்கானிக் இரண்டு முறை வந்தார். அவர் இருக்கும்வரை நிற்கவே இல்லை. கிடங்கு நிறையச் சரக்கு, இன்றிரவும் மின்சாரம் போகும் என்கிறார்கள். என்ன செய்வது? அவசரம்.

திருப்புளி:
ஜெனரேட்டரின் திறன் எத்தனை கேவிஏ? எவ்வளவு லோடு? பேனலில் என்ன அலாரம்? நின்றதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா, ஆற வேண்டியிருக்கிறதா? டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஆயில்கேஜ்:
ஆயில் பிரஷர் சுவிட்ச்தான், சந்தேகமே வேண்டாம். சூடேறினால் ஆயில் இளகும், அழுத்தம் இறங்கும், பழைய சுவிட்ச் அதற்கே பயந்து இன்ஜினை நிறுத்திவிடும். நான் பார்த்தவற்றில் பாதி இப்படித்தான். சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் அதுதான் குற்றவாளி.

பழைய இன்ஜின்:
தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் பழையவற்றைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. டீசல் டேங்க் மூடியில் காற்றுத் துளை ஒன்று இருக்கும். அது அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் இழுத்துப் பார்க்கும், ஒரு கட்டத்தில் முடியாமல் விட்டுவிடும். சற்று நேரம் கழித்துக் காற்று கசிந்து உள்ளே போனதும், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டுங்கள். அடுத்த முறை டேங்கிலிருந்து தொடங்குங்கள்.

குளிர்க்கிடங்கு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 40 கேவிஏ, 12 வோல்ட் பேட்டரி. லோடு பாதிக்குச் சற்று மேல். அலாரம் ‘அண்டர் ஸ்பீடு’. சுமார் 20 நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டர் போன மாதம்தான் மாற்றினோம். மூடியைத் திறந்தே வைத்து ஓட்டினேன், 45 நிமிடத்தில் நின்றுவிட்டது.

மின்னோட்டம்:
அந்த அலாரம் நோயின் பெயர் அன்று. ஆயில் அழுத்தமோ வெப்பமோ காரணமாக இருந்தால், இன்ஜினைக் கண்காணிக்கும் கன்ட்ரோலர் அதையே பேனலில் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கும். ‘அண்டர் ஸ்பீடு’ என்றால், யாரும் நிறுத்தச் சொல்லாமலே இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து கீழே இறங்கிவிட்டது, கன்ட்ரோலர் அதைப் பிறகுதான் கவனித்தது என்று பொருள். ஆகவே, டீசல் வரவில்லை, அல்லது டீசல் பாதையைத் திறந்து வைக்கும் மின்காந்தக் கருவியான சோலினாய்டுக்கு மின்சாரம் போகவில்லை.

ஒன்று சொல்லுங்கள். நிற்பதற்கு முன் விளக்குகள் மங்கிப் பிரகாசித்து, இன்ஜின் திணறுகிறதா? அல்லது யாரோ சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று அடங்குகிறதா?

குளிர்க்கிடங்கு:
சட்டென்று. திணறல் கிடையாது.

பழைய இன்ஜின்:
ஆயில்கேஜ் சொன்ன அந்த ஒயர் யோசனையை யாரும் செய்ய வேண்டாம். எண்ணெய்ப் படலம் போய்விட்ட பேரிங் சில நொடிகளில் கிரேங்க் ஷாஃப்ட்டைக் கடித்துவிடும். அந்த ஒரு சுவிட்ச்தான் இன்ஜினுக்கு உயிர்க்காவல்.

ஆயில்கேஜ்:
நான் நாள் முழுக்க ஓட்டச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று, சோதனைக்காக.

பழைய இன்ஜின்:
சோதனைக்காகக் கழற்றிய ஒயர் மறுநாளும் கழன்றே கிடக்கும். கழற்றிய பணியாள் வீட்டுக்குப் போயிருப்பார், இரவில் மின்சாரம் போகும், இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். இப்படி இறுகிப்போன இன்ஜினை நானே பிரித்திருக்கிறேன். பேரிங் தகடு உருகிச் சுருண்டு, தாளைப் போல் கையோடு வந்தது.

ஆயில்கேஜ்:
சுவிட்சை நம்ப முடியாதபோது வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்புளி:
சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டி-இணைப்பு போட்டு முள் கேஜ் பொருத்தினால் அழுத்தம் கண்ணுக்கே தெரியும். சுவிட்சும் வேலையில் இருக்கும். ஒயரைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இங்கே அலாரம் வேறு. இந்த வாதத்தைத் தனியாக வைத்துக்கொள்வோமே, அவருடைய சரக்கு கெட்டுக்கொண்டிருக்கிறது.

இரவுக்காவல்:
மெக்கானிக் வந்தபோதெல்லாம் நிற்கவில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறார், அதை யாரும் பிடிக்கவில்லை. ஐயா, அவர் வேலை பார்த்தபோது ஜெனரேட்டரை மூடியிருக்கும் கூட்டின் (கேனபி) கதவுகள் திறந்திருந்தனவா?

குளிர்க்கிடங்கு:
ஆமாம், திறந்து வைத்துத்தான் பார்த்தார். சத்தம் அதிகம் என்பதால் மற்ற நேரங்களில் மூடியே ஓட்டுகிறோம்.

இரவுக்காவல்:
அப்படியானால் கோளாறு சூட்டில் வருகிறது. கதவு திறந்திருந்தால் அது ஒளிந்துகொள்ளும். 12 வோல்ட் சிறிய விளக்கு ஒன்றை, காரின் பக்க விளக்கு பல்ப் போதும், சோலினாய்டின் கனெக்டரிலேயே இணையாக மாட்டுங்கள். ஃபியூஸ் பக்கமோ பேனல் பக்கமோ அல்ல, சோலினாய்டு முனையில். ஒயரை விசிறியும் பெல்ட்டும் தொடாமல் வெளியே இழுத்து, கதவை மூடி, லோடு கொடுத்து ஓட்டுங்கள். விளக்கையும் இன்ஜினையும் விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

இன்ஜின் நின்றதும் கன்ட்ரோலர் சோலினாய்டை அணைத்துவிடும், ஆகவே கடைசியில் விளக்கு எப்படியும் அணையும். எது முதலில் என்பதுதான் விஷயம். சத்தம் இறங்கிய பிறகும் விளக்கு எரிந்தால் டீசல் பாதையைப் பாருங்கள். விளக்கு முதலில் மங்கினால் ஒயர், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

மின்னோட்டம்:
செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஒரு நொடி வித்தியாசத்தைக் கண் தவறவிட்டுவிடும். விளக்கு நன்றாக எரியும்போதே இன்ஜின் அடங்கினால், சோலினாய்டைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கும் கம்பிச்சுருளான பிடிப்புக் காயில் மீதும் சந்தேகம் வர வேண்டும். சூடானதும் உள்ளே துண்டிக்கும் காயில்கள் உண்டு.

பழைய இன்ஜின்:
நல்ல சோதனை. என் காற்றுத் துளையைக் கைவிடுகிறேன். மூடியைத் திறந்து வைத்தும் நின்றபோதே விட்டிருக்க வேண்டும்.

குளிர்க்கிடங்கு:
விளக்கு முதலில் அணைந்தது. மெல்ல மங்கி, ஒரு முறை மின்னி, போய்விட்டது, பிறகுதான் இன்ஜின். ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருந்தன. சோலினாய்டுக்குப் போகும் ஒயரை விரலால் நசுக்கிக்கொண்டே வந்தேன். கனெக்டருக்கு நான்கு விரற்கடை முன்னால், கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் மெத்தென்று இருந்தது. மேலுறையில் கீறல்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று இழைகள்தாம் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றவை அறுந்து பச்சை பூத்துக் கிடந்தன. புது ஒயர் போட்டுவிட்டேன். மூடிய கதவோடு மூன்று மணி நேரம் ஓடியது. சரக்கு தப்பியது. நன்றி.

இரவுக்காவல்:
மகிழ்ச்சி. அந்தக் கிளாம்புக்கும் ஒயருக்கும் இடையே ரப்பர் வையுங்கள், சற்றுத் தளர்வாகவும் விடுங்கள். இழுத்துக் கட்டினால் அதிர்வில் அதே இடத்தில் மறுபடி அறும். சோதனை விளக்கையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

ஆயில்கேஜ்:
ஓடிய அந்த மூன்று மணி நேரத்தில் ஆயில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா?

திருப்புளி:
நானும் அறிய விரும்புகிறேன். கிளாம்ப் இருந்த இடத்தின் படம் இருந்தால் போடுங்கள், இதே மாதிரி இன்ஜின் வைத்திருப்பவர்களும் அங்கே ஒரு முறை விரல் வைத்துப் பார்க்கலாம்.