பொம்மை வேஷம் போடும்போது கூடவே ஒரு ஆள் வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

வியாசர்பாடி_நிலா எழுதியது:

வணக்கம். எனக்கு 23 வயது. ஈசிஆரில் ஒரு தீம் பார்க்கில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். மதியம் இரண்டு ரவுண்டு கரடி வேஷம், சாயங்காலம் மேடையில் டான்ஸ். பார்க் நேரடியாகச் சம்பளம் தருவதில்லை. ஈவெண்ட் காண்ட்ராக்டர் நாள் கணக்கில் தருகிறார்.

கரடித் தலைக்குள் இருந்து வெளியே பார்க்க அதன் வாய் மட்டும்தான் வழி. அதில் கறுப்பு வலைத்துணி தைத்திருக்கும். எதிரே நிற்பவரின் நெஞ்சு வரைக்கும் தெரியும். பக்கவாட்டில் தெரியாது, காலடியில் குழந்தை நின்றால் தெரியாது, பின்னால் வருவது சுத்தமாகத் தெரியாது. ஜிப் முதுகுப் பக்கம். அந்தக் கையுறையோடு நானே திறக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பசங்க ஐந்தாறு பேர் செல்ஃபி எடுக்க வந்தார்கள். தோளில் கை போட்டார்கள். சரி, எல்லோரும் செய்வதுதான். அப்புறம் பின்னால் இருந்து ஒருவன் இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கினான். கை மேலே வந்தது. ஸ்பாஞ்ச் அவ்வளவு தடிமனாக இருந்தும் அந்தப் பிடி என்ன பிடி என்று எனக்குப் புரிந்தது. "டேய், உள்ள பொண்ணுடா" என்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. வேஷத்தில் பேசக் கூடாது, குழந்தைகள் பயந்துவிடும் என்பது எங்கள் ரூல். அதனால் நான் கத்தவில்லை. அது இன்னும் மனசில் ஆறவே இல்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உள்ளே யார்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், விடும்மா" என்றார். இனிமேல் கூடவே ஒரு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டேன். அந்த ஆளுக்குக் கூலி யார் தருவது என்று திருப்பிக் கேட்கிறார். இதை நான் பார்க்கிடம் கேட்பதா, காண்ட்ராக்டரிடம் கேட்பதா? வேலையை விட முடியாது, வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது.

பழைய_முயல் எழுதியது:

தங்கச்சி, நீ கத்தாமல் இருந்தது உன் தப்பே இல்லை. பேசாதே என்று பழக்கியவர்கள், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்றும் பழக்கியிருக்க வேண்டும். 11 வருஷம் நான் முயல் வேஷம் போட்டவன். எங்கள் குழுவில் ஒரு சைகை உண்டு. இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி வைத்தால் "உடனே வா" என்று அர்த்தம். குழந்தைகளுக்கு அது டான்ஸ் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தச் சைகையைப் பார்க்க வெளியே ஒருத்தர் இருக்க வேண்டுமே. அதனால் நீ கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம்.

கூட வருகிற ஆள் உன் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். எதிரே வருவதை நீ பார்த்துக்கொள்வாய். அந்த ஆள் வரிசையை ஒழுங்குபடுத்தி, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தைத்தான் விட வேண்டும், கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். கடிகாரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கத்திரி சமயத்தில் வேஷத்துக்குள்ளே எனக்குத் திடீரென்று கை சிலிர்த்தது. ஏசி போட்ட மாதிரி குளிர்ந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு ஆடினேன். வெளியே நின்ற பையன், "அண்ணே, முயல் கை ஆட்டுறது மெதுவாயிடுச்சு" என்று இழுத்துக்கொண்டு போய் ஜிப்பைத் திறந்தான். தலையைக் கழற்றியதும் வாந்தி. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் வெளியில் நிற்பவனுக்கே சட்டை காயாது, ஸ்பாஞ்சுக்குள் எப்படிக் காயும்?

வெயில் தாழ்ந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2019 ஜூலையில் ஜப்பானில் ஒசாகா பக்கத்து பார்க் ஒன்றில், 28 வயது இளைஞர் வேஷத்தோடு டான்ஸ் ஒத்திகை பார்த்துவிட்டு வெப்பத் தாக்கில் இறந்தார். நேரம் சாயங்காலம் தாண்டியிருந்தது. அவர் ஆடியது சுமார் 20 நிமிஷம். மே மாதம் எங்கள் கணக்கு 15 நிமிஷம். அப்புறம் தலையைக் கழற்றி அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் ஓய்வு, ஓஆர்எஸ் தண்ணீர்.

கூலி யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் எளிது. நீ மயங்கி விழுந்தால் ஜிப்பைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேள்.

பெரம்பூர்_வக்கீல் எழுதியது:

நிலா, இரண்டு பேரிடமும் கேட்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 உங்களுக்குப் பொருந்தும். நாள்கூலியாக இருந்தாலும், காண்ட்ராக்டர் மூலமாக வந்திருந்தாலும் பொருந்தும். வேலை இடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்து உங்களைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் "கெஸ்ட் செய்தால் நாங்கள் என்ன செய்வது" என்று தட்டிக்கழிக்க முடியாது.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பார்க் முட்டுக்காடு பக்கம் என்றால் செங்கல்பட்டு மாவட்டம், அதைக் கவனியுங்கள். அந்தப் பையனின் பெயர் தெரியாவிட்டாலும் போலீஸில் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம், பிரிவு 74-இல் இதற்கு 1 முதல் 5 வருஷம் வரை சிறை. 181-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் போட்டு, அங்கே இருக்கும் கண்காணிப்புக் கேமராவின் பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கும்படி மெயில் அனுப்புங்கள். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னதையும் வாட்ஸப்பில் ஒருமுறை எழுதிப் போடுங்கள்.

மரக்கால்_மதுராந்தகம் எழுதியது:

நான் மரக்காலாட்டக்காரன். அவர் சொன்ன 2013 சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். எங்களை மாதிரி ஆட்களைக் காலால் இடறிவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. போன வருஷம் அப்படி விழுந்து மணிக்கட்டு உடைந்து இரண்டு மாதம் வேலை இல்லை. காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து பார்க்கவில்லை. நிலா தங்கச்சி, ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் அதற்குள் வருவீர்கள். கூட ஆள் வேண்டும் என்று கேட்கும்போது எங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரட்டைப்_பிள்ளை_அம்மா எழுதியது:

படித்ததும் என்னவோ போல ஆகிவிட்டது. என் பையன் இப்படி ஒரு கரடியின் வயிற்றில் ஓங்கிக் குத்தினான், நான் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருத்தருக்கு வலிக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. ராத்திரி அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னேன். மன்னித்துவிடும்மா.

வியாசர்பாடி_நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெயில் நேற்று ராத்திரியே அனுப்பிவிட்டேன், பார்க்குக்கும் காண்ட்ராக்டருக்கும் சேர்த்து. காலையில் பார்க் ஆபீஸிலிருந்து போன் வந்தது, பதிவை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கூட ஆள் விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. மேக்கப் ரூமில் எங்கள் செட் ஏழு பேரும், சர்க்கஸ் ஆட்டம் காட்டும் இரண்டு அண்ணன்களும் ஒரே லெட்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை கொடுக்கிறோம். மரக்கால் அண்ணா, விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்ற கேள்வியையும் அதில் சேர்த்துவிட்டேன்.

முயல் அண்ணா, கரடிக் கை கொஞ்சம் குட்டை, தலை பெரிது. பெருக்கல் குறி தலைக்கு மேலே வரவில்லை, முகத்துக்கு முன்னால்தான் நிற்கிறது. அது போதுமா, இல்லை வேறு சைகை வைக்கலாமா?

பழைய_முயல் எழுதியது:

முகத்துக்கு முன்னால் வைத்தால் பின்னால் நிற்பவருக்குத் தெரியாதும்மா. வலது காலைத் தரையில் மூன்று தடவை தட்டு. சனிக்கிழமைக்கு முன்னால் உன் செட்டில் ஒருத்தரைப் பின்னால் நிற்க வைத்து, இரண்டு பேரும் ஒரு தடவை பழகிப் பாருங்கள்.