எழுதுபவரிடமே தொடரின் கடிவாளம்: ஷோண்டா ரைம்ஸ் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதும் பணியில் இருக்கிறேன். எழுதிய தாள் படப்பிடிப்புத் தளத்துக்குப் போய்விட்டால், அதன்பின் எங்களைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. அண்மையில் 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கி, அதை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸைப் பற்றித் தேடிப் படித்தேன். 1970-இல் சிகாகோவில் பிறந்து, டார்ட்மவுத் கல்லூரியிலும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளியிலும் படித்த அவர், 2014-இல் ஏபிசி சேனலின் வியாழக்கிழமை இரவு முழுவதையும் தம் நிறுவனமான ஷோண்டாலேண்டின் மூன்று தொடர்களால் நிரப்பியிருக்கிறார். ஓர் எழுத்தாளருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வாய்த்தது? அது அவருடைய திறமையா, அமெரிக்கத் தொலைக்காட்சியின் அமைப்பே அப்படிப்பட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கண்ணாடிப்பேனா எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க வாரத் தொடர்களில் பெரும்பாலும் எபிசோடுக்கு எபிசோட் இயக்குநர் மாறுவார். மாறாமல் இருப்பவர் தலைமை எழுத்தாளர்தான். 'ஷோரன்னர்' என்று அழைக்கப்படும் அவர், எழுத்தாளர் குழுவை ஓர் அறையில் கூட்டி அந்தப் பருவத்தின் (சீசனின்) கதையை எபிசோடுகளாகப் பிரிப்பார். ஒவ்வொன்றையும் ஒருவர் எழுதினாலும் இறுதி வடிவம் அவர் கை பட்டே வெளியேறும். நடிகர் தேர்விலும் படத்தொகுப்பிலும் இசையிலும் அவர் சொல்லே செல்லும். எழுத்தாளருக்கே நிர்வாகத் தயாரிப்பாளர் என்ற பதவியும் கிடைப்பதன் காரணம் இதுதான். திரைப்படத்தில் நிலைமை நேர்மாறு. ரைம்ஸும் அங்கிருந்துதான் வந்தார்: 1999-இல் ஹெச்பிஓ சேனல் வெளியிட்ட, நடிகை டோரத்தி டான்ட்ரிட்ஜின் வாழ்க்கைப் படத்தின் திரைக்கதையில் பங்கு, 2002-இல் பிரிட்னி ஸ்பியர்ஸ் நடித்த 'கிராஸ்ரோட்ஸ்', 2004-இல் 'பிரின்சஸ் டைரிஸ்' இரண்டாம் பாகம்.

2002-இல் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தார். கைக்குழந்தையுடன் வீட்டில் இருந்த நாள்களில் தொடர்களைத் தொடர்ந்து பார்த்தபோதுதான், பாத்திரங்களை ஆழமாக வளர்க்கும் இடம் தொலைக்காட்சியே என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். ஏபிசிக்காக முதலில் எழுதியது போர்முனைப் பெண் நிருபர்களைப் பற்றிய பைலட், அதாவது சேனலின் ஒப்புதலுக்கான மாதிரி எபிசோட். ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் சேனல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து எழுதியதுதான் மருத்துவமனைக் கதை. பள்ளிப் பருவத்தில் மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தவர். அறுவைச் சிகிச்சைகளைத் தொலைக்காட்சியில் விரும்பிப் பார்த்தவர். 'கிரேஸ் அனாடமி' என்ற அந்தத் தொடர் 2005 மார்ச் 27 அன்று, முதல் பருவத்தில் வெறும் ஒன்பது எபிசோடுகளோடு ஒளிபரப்பானது. 2019-இல் 'ஈஆர்' தொடரை முந்தி, அமெரிக்காவின் முதன்மை நேரத்தில் மிக நீண்ட காலம் ஓடிய மருத்துவத் தொடராயிற்று. ஆகவே, அமைப்பு அவருக்கு நாற்காலியைக் கொடுத்தது என்பேன். அதில் இத்தனை காலம் அமர்ந்திருக்கச் செய்தது அவருடைய எழுத்து.

மேகமலை எழுதியது:

அந்த அதிகாரத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். 'கிரேஸ் அனாடமி' முதல் எபிசோடின் திரைக்கதையில் பாத்திரங்களின் இனம் குறிப்பிடப்படவில்லை. விதிவிலக்கு, பயிற்சி மருத்துவர்களை மிரட்டி வேலை வாங்கும் மிராண்டா பெய்லி. சுருள்முடியும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட குள்ளமான வெள்ளைக்காரப் பெண்ணாக அவரைக் கற்பனை செய்திருந்தார்கள்; அந்த இனிய தோற்றத்துக்கும் கடுமையான பேச்சுக்கும் உள்ள முரணே பாத்திரத்தின் சுவையாக இருந்திருக்கும். ஆனால் தேர்வுக்கு வந்த சாண்ட்ரா வில்சன் என்ற கறுப்பின நடிகை வசனத்தைப் பேசியதும், எழுதிவைத்த தோற்றத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இன்றுவரை பெய்லி என்றால் அவர்தான். வசனம் மட்டும் எழுதித் தரும் ஒருவர் அந்த நடிகர் தேர்வு அறையிலேயே இருந்திருக்க மாட்டார்.

2012-இல் தொடங்கிய ரைம்ஸின் 'ஸ்கேண்டல்' இன்னொரு படி மேலே சென்றது. முதலாம் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய ஜூடி ஸ்மித்தை முன்மாதிரியாகக் கொண்ட அதன் நாயகியாக கெர்ரி வாஷிங்டன் நடித்தார். அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றின் நாடகத் தொடரை ஒரு கறுப்பினப் பெண் நாயகியாகத் தாங்கி நடத்திச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நமக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று உண்டு: ஷோண்டாலேண்ட் நெட்ஃபிளிக்ஸுக்காகத் தயாரித்த 'பிரிட்ஜர்டன்' தொடரின், 2022-இல் வெளியான இரண்டாம் பருவத்தில் ஷர்மா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பம் இந்தியாவின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைத் தொடர் தெளிவாக வரையவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் காதல் கதையின் நடுவில் அவ்விருவரையும் கண்டபோது மிகவும் மகிழ்ந்தேன்.

ஆற்றங்கரை எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் ரைம்ஸ் ஒருவரே எழுதுகிறார் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. வியாழக்கிழமை இரவின் மூன்றாவது தொடரான 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' பீட்டர் நோவாக் உருவாக்கியது. 'பிரிட்ஜர்டன்' கிறிஸ் வான் டூசன் உருவாக்கியது. இருவரும் ரைம்ஸின் தொடர்களில் எழுதி வளர்ந்தவர்கள். ஆரம்பம் முதல் உடனிருக்கும் தயாரிப்பாளர் பெட்ஸி பியர்ஸையும் மறக்க முடியாது. என் பார்வையில் ரைம்ஸின் பெரிய சாதனை, தம்மிடம் எழுதியவர்களைத் தனித் தொடர் நடத்துபவர்களாக ஆக்கியதுதான்.

அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2014-இல் டார்ட்மவுத் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது, ஓரிடத்தில் தாம் வெல்வதைக் காணும் வேளையில் இன்னோரிடத்தில் தவறிக்கொண்டிருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். மூன்று மகள்களை வளர்த்துக்கொண்டே தொடர்களை நடத்தியவரின் சொல் அது. ஏபிசியை விட்டு 2017-இல் நெட்ஃபிளிக்ஸுக்குச் சென்றதன் பின்னணியை 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னார். தம்மைக் காண வந்த சகோதரிக்காக, ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னி நடத்தும் டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவின் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கூடுதலாகக் கேட்டபோது, நிறுவன உயர் அதிகாரி ஒருவர், உங்களிடம் இருப்பது போதாதா என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஓர் ஐயம்: தலைமை எழுத்தாளர் விலகினால் தொடர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கண்ணாடிப்பேனா எழுதியது:

அதற்கும் 'கிரேஸ் அனாடமி'யே சான்று. 2017-இல் பதினான்காம் பருவத்தின் பொறுப்பை ஏற்ற கிறிஸ்டா வெர்னாஃப், முதல் பருவத்திலேயே அந்த எழுத்தாளர் அறையில் அமர்ந்திருந்தவர். அவருக்குப் பின் வந்த மெக் மாரினிஸும் அதே அறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்தான்.