பல்லளவைத் துணிபு: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம். பல கூறுகளைச் சீர்தூக்கி, தகவல் உறுதியில்லாதபோதும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை ஆங்கிலத்தில் multi-criteria decision making under uncertainty என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'பல அளவுகோல் முடிவெடுத்தல்' உடனே புரிகிற சொல்தான். ஆனால் அளவுகோல் என்பது அளக்கும் கருவி. வீடு தேடுகிறோம், வாடகை, தூரம், காற்றோட்டம் மூன்றையும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தூரம் என்பது நாம் கருதும் கூறு. அதைக் கிலோமீட்டரில் அளப்பதா, பயண நிமிடங்களில் அளப்பதா என்பதுதான் அளவுகோல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாடம் எழுத முடியாது.

நாம் கருதும் கூறுக்கு (criterion) வேறு சொல் தேடினால், 'கட்டளை' எனக்கு மிகவும் பிடித்த சொல். பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் அதற்குள் இருக்கிறது. கணினித்துறை அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. 'தகவு' இயற்பியல் நூல்களில் விகிதம். அப்புறம் மிஞ்சுவது 'அளவை'. தருக்கத்தில் ஒன்றை எதைக் கொண்டு அறிகிறோமோ அது அளவை. எதைக் கொண்டு மதிப்பிடுகிறோமோ அதற்கும் இச்சொல்லை நீட்டலாம். எனவே பல்லளவை.

தகவல் உறுதியில்லாதபோது என்ன சொல்வது? இங்கேதான் நிதானம் தேவை. எல்லாவற்றையும் 'நிச்சயமின்மை' என்று மூடிவிடக் கூடாது. நிகழ்தகவு தெரிந்த நிலையையும் தெரியாத நிலையையும் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-லேயே பிரித்துக் காட்டினார். முன்னதற்கு 'இடர்' போதும். பின்னதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. தொலைவில் தெரிவது மரக்கட்டையா, மனிதனா என்று உரையாசிரியர்கள் காட்டும் 'ஐயம்' அது: இரண்டில் ஒன்று என்று தெரியும், எது என்று தெரியாது. அது தீர்ந்தால் துணிபு. 'முடிவு' என்றால் இறுதி என்றும் பொருள்படும், 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவுக்கு வரும். ஆகவே முடிவெடுத்தலுக்குத் துணிபு என்பதே என் தெரிவு.

மூன்றாவது வகை வேறு. 'நல்ல காற்றோட்டம்' என்பதில் எந்த அளவிலிருந்து 'நல்ல'? இங்கே தகவல் குறையவில்லை, சொல்லின் எல்லையே கலங்கியிருக்கிறது. கணினி அறிவியலாளர் லாட்ஃபி சாதே 1965-ல் கணிதத்தின் கணக் கோட்பாட்டுக்குள் (set theory) கொண்டுவந்தது இதைத்தான். இதற்கு 'மங்கல்' என்கிறேன். இடர், ஐயம், மங்கல் மூன்றுக்கும் பொதுப்பெயர் 'உறுதியின்மை'. முழுத்தொடர்: உறுதியின்மையில் பல்லளவைத் துணிபு.

அளவைகளின் முக்கியத்துவத்துக்கு 'நிறை' சரி. புள்ளியியலில் நிறையிட்ட சராசரி பழகிய சொல். எனக்கு இன்னும் அமையாதது வேறொன்று. நிறையிட்டுக் கூட்டும்போது ஓர் அளவையின் குறையை இன்னொன்றின் மிகுதி ஈடுசெய்துவிடும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்னார் ராய் 1968-ல் முன்வைத்த முறை அப்படி விடுவதில்லை: பெரும்பாலான அளவைகளில் ஒரு தெரிவு மற்றதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், மீதியிலும் படுமோசமாக இருக்கக் கூடாது. இந்த உறவுக்கு 'விஞ்சல்' பொருந்துமா? வெற்றி என்ற சாயல் அதில் கூடுதலாக ஒட்டுகிறதோ என்று தயங்குகிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.