சிகிரியாவே எரிமலைதானே, பிறகு எதற்குத் தாய்லாந்து?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். மகன் பத்தாம் ஆண்டு படிக்கிறான். புவியியல் பாடத்தில் உயிர்ப்பெரிமலை, உறங்கும் எரிமலை, அவிந்த எரிமலை என்று படித்த நாளிலிருந்து, ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். டிசம்பர் விடுமுறைக்கு பாங்கொக் போகும் எண்ணம் இருக்கிறது. அங்கிருந்து புரிராம் பக்கம் போனால் காடு மூடிய அவிந்த எரிமலைகள் இருக்கின்றன, ஒன்றின் உச்சியில் பழைய சிவன் கோயிலும் உண்டு என்கிறார்கள். என்னுடைய அண்ணாவோ, "சிகிரியாவே அவிந்த எரிமலைதான். வான் பிடித்தால் நாலு மணித்தியாலம். ஏன் காசைக் கரைக்கிறாய்?" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
உங்கள் அண்ணா சொல்வதுதான் சரி, அக்கா. நாங்கள் போனபோது வழிகாட்டியும் அதைத்தான் சொன்னார். சுற்றிவரச் சமதரைக் காடு, நடுவில் 180 மீற்றர் உயரத்துக்கு ஒற்றைக் கல். எரிமலையின் தொண்டைக்குள் இறுகிய குழம்பு மட்டும் மிஞ்சி, வெளியில் இருந்த மலை கரைந்து போய்விட்டது. பாறையில் மேலிருந்து கீழே கறுப்புக் கறுப்பாக வழிந்த தடமும் இருக்கிறது. திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வெந்நீர் வருகிறதே, அடியில் நெருப்பு இல்லாமல் எப்படி வரும்? சொந்த நாட்டில் இருப்பதை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதில்லை.

கல்லுச்சுத்தியல்:
அண்ணா, மன்னிக்க வேண்டும். இது மகனின் படிப்போடு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் "தொண்டைக் கல்" உலகத்தில் உண்டு. மியன்மாரில் பொப்பா மலையின் அருகே 777 படிகளோடு நிற்கும் தவுங் கலாட் அப்படியானதுதான். சிகிரியா அப்படி இல்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீற்றர் அளவு ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து வெந்த கல் அது. மேலே இருந்தது எல்லாம் காலப்போக்கில் அரித்துப் போக, வெடிப்புக் குறைந்த உறுதியான துண்டு எஞ்சி நிற்கிறது. எதிரில் உள்ள பிதுரங்கலவும் அதே கதைதான்.

படியேறும்போது பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாகக் கோடு கோடாக வரி ஓடும், இடையிடையே மைக்கா மினுங்கும். அந்த வரிதான் உருமாறிய பாறையின் கையெழுத்து. கறுப்புத் தடம் மழைநீர் வடிந்த பாதை. அந்த ஈரத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும்.

கன்னியாவின் சூட்டுக்கும் எரிமலை தேவையில்லை. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினாலே 25 பாகை அளவு சூடு கூடும். மழைநீர் பிளவுகளால் ஆழத்துக்குப் போய், சூடாகி, ஆறுவதற்கு முன் வேகமாக மேலே வந்துவிடுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரிலும் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கும் எரிமலை இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, நீங்கள் படித்தவர், கல்லைப் பற்றி உங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் எத்தனையோ இணையப் பக்கங்களில் எரிமலை என்றுதானே போட்டிருக்கிறது? எல்லோரும் பிழையா?

கல்லுச்சுத்தியல்:
ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள், அண்ணா. சிகிரியாவில் கோட்டை கட்டிய காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்டான் என்பதைச் சரியாக எழுதும் பக்கத்திலேயே இந்தப் பிழையும் இருக்கும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். வீட்டில் நம் நாட்டுக் கல்லில் கொத்திய அம்மி இருந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். மணி மணியாகப் படிகம் தெரியும். குழம்பு மேலே வந்து சட்டென்று ஆறிய கல்லில் அப்படிப் பெரிய மணி வளர நேரம் இல்லை. காற்றுக் குமிழி இருந்த இடம்தான் ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

தெஹிவளை வாசி:
சிகிரியா எரிமலை இல்லை என்பது சரி. அதற்காகப் புரிராம் போகச் சொல்லாதீர்கள். நாங்கள் குடும்பத்தோடு போனோம். பாங்கொக்கிலிருந்து 400 கிலோமீற்றர் அளவு ரயில் பயணம். காவோ கிராடோங் மலையில் படியேறி, பெரிய புத்தர் சிலையைக் கும்பிட்டு, எரிமலையின் வாயைப் பார்க்கலாம் என்று போனால் மரம், மரம், மரம். என் மகள் "எரிமலை எங்கே அப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை என்பது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. கடல் கடந்து போய்ப் பார்க்க, நம்முடைய சிங்கராஜாவில் இல்லாத மரமா?

பம்பலப்பிட்டி டீச்சர்:
தெஹிவளை அண்ணா, உங்கள் மனவருத்தம் புரிகிறது. நானும் அதே இடத்தில் நின்றேன், எனக்கு அது வேறு மாதிரி இருந்தது. மரங்களை விட்டுவிட்டு நிலத்தின் சாய்வைப் பார்த்தால், சட்டிக்குள் இறங்குவது போல் எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சரிகிறது. பாதையோரம் ஒரு கல்லை எடுத்தேன். பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக, துருப்பிடித்த கறுப்பு நிறத்தில் இருந்தது. ஒரு ஓட்டைக்குள் எறும்பு ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மாறி மாறித் தடவிப் பார்த்த பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். அது வனப் பூங்கா, கல் எடுத்து வரக்கூடாது.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எரிமலை மண்ணைக் கரைத்து அதில் துணிக்குச் சாயம் போடுகிறார்கள். செம்பழுப்பு நிறம், தொட்டால் மெதுமெதுவென்று இருக்கும். ஓய்ந்துபோன நெருப்பு மண்ணாகி, அந்த மண்ணில் காடு வந்து, மனிதருக்குத் தொழிலும் கொடுத்திருக்கிறது. நான் பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியது அங்கேதான் எனக்கே விளங்கியது. காடு எரிமலையை மறைக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பனோம் ருங். அதுவும் அவிந்த எரிமலைதான், உச்சியில் 10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கெமர் மன்னர் காலத்தில் எழுந்த சிவன் கோயில். வாசலுக்கு மேலே நடராஜர். கோயில் கட்டிய கல் எரிமலைக் கல் இல்லை, மணற்கல்லும் செம்பூரான் கல்லும்தான். மகனை அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அக்கா. கோயிலில் நேர்கோட்டில் நிற்கும் 15 வாசலையும் துளைத்துக்கொண்டு சூரிய ஒளி வருவது ஏப்ரல், செப்டெம்பர் காலைகளிலும் மார்ச், ஒக்டோபர் மாலைகளிலும்தான். டிசம்பரில் கிடைக்காது.

தெஹிவளை வாசி:
இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் என் மகளும் ரசித்திருப்பாள், டீச்சர். எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. சும்மா கூட்டிக்கொண்டு போனால் வீண் என்பதை இப்பவும் சொல்வேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
கல் விசயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். செலவு விசயத்தில் இல்லை. இன்றைய விலைவாசியில் நாலு பேருக்கு விமானச் சீட்டு என்பது எங்கள் வீட்டில் மாதக் கணக்கில் சாப்பாட்டுச் செலவு. முதலில் சிகிரியாவைக் காட்டி, "இது ஏன் எரிமலை இல்லை?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அதுவும் பாடம்தானே.

வெள்ளவத்தை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகன் அம்மம்மாவின் அம்மியைக் குசினி மூலையிலிருந்து இழுத்து எடுத்து, போன் வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் பார்த்தான். தேங்காயும் மிளகாயும் அரைத்துத் தேய்ந்த நடுப்பகுதியில் ஒன்றும் தெரியவில்லை. கவிழ்த்துப் போட்டதும் அடிப்பக்கத்தில் மினுங்கியது. "அம்மா, ஓட்டை இல்லை" என்று கத்தினான். இந்த மாதம் நீண்ட வார இறுதியில் சிகிரியா போகிறோம், அண்ணாவும் வருகிறார். டீச்சர், டிசம்பருக்குப் புரிராம் ரயிலை இங்கிருந்தே பதிவு செய்யலாமா?