புதுப்பிப்பு: தங்கை முகத்தில் வந்த பொரி

தங்கைக்கு வாயைச் சுற்றிச் சிவந்து பொரிப்பொரியாக வந்திருப்பதைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். படர்தாமரை, ஒவ்வாமை என்று பலர் சொன்னீர்கள். இரண்டும் இல்லை.

தோல் மருத்துவர் பார்த்ததும், உதட்டை ஒட்டி மெல்லிய கோடு போல ஓரிடம் மட்டும் பொரியே இல்லாமல் இருப்பதைக் காட்டினார். பெரியோரல் டெர்மடைட்டிஸாம், அதாவது வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சி. அப்புறம் முகத்தில் பூசுவதை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். நிறம் கூட்ட என்று மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்த டியூபில், பொடி எழுத்தில் மொமெட்டசோன். ஸ்டீராய்டு! பூசினால் சிவப்பு அடங்கும், விட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். பாவம், அதற்குப் பயந்தே தொடர்ந்து பூசியிருக்கிறாள்.

நிறுத்தியதும் முகம் எரிந்து இன்னும் சிவந்தது. அப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தாள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும், ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது. மேக்கப் அறவே கிடையாது. இப்போது பொரி அடங்கி, லேசான சிவப்புதான் மிச்சம்.

உங்கள் டியூபையும் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தாலும் இதே கதைதான். ரொம்ப நாளாகப் பூசுபவர்கள் சட்டென்று விடாமல், எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.