திறமூல ஃபர்ம்வேர் ஏற்றிய பின் இ02 பிழை

கேள்வி:
என் மிதிவண்டியில் பெடல் மிதிக்க உதவும் டிஎஸ்டிஇசட்2 மின்மோட்டார், 48 வோல்ட் பேட்டரி. அதில் திறமூல ஃபர்ம்வேர் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய, மோட்டாரை இயக்கும் மென்பொருள்) ஏற்றியிருக்கிறேன். வாசல் சரிவில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டால் திரையில் இ02 என்ற பிழை வருகிறது. ஸ்டாண்டில் நிறுத்திப் போட்டால் வருவதில்லை. பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடலாமா?

பதில்:
பொறுங்கள் நண்பரே, கோளாறு மென்பொருளில் இல்லை. இ02 என்பது பெடலை மிதிக்கும் விசையை அளக்கும் சென்சாரைக் குறிக்கிறது. சுவிட்சைப் போடும் கணத்தில் சென்சார் காட்டும் அளவையே மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பூஜ்யமாகக் கொள்ளும். சரிவில் பெடல் மேல் கால் ஊன்றியிருக்கும்; அதனால் பூஜ்யம் தவறி இ02 வருகிறது. இரண்டு கால்களையும் தரையில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

மற்றொருவர்:
திரும்புவதும் எளிதன்று. கன்ட்ரோலரில் உள்ள எஸ்டிஎம்8 சிப்பின் வாசிப்புப் பூட்டை (உள்ளிருக்கும் மென்பொருளைப் படிக்கவிடாத தடையை) திறக்கும்போதே தயாரிப்பாளரின் பழைய மென்பொருள் அழிந்துவிடும். அதன் நகலை முன்கூட்டியே எடுத்து வைக்கவும் வழியில்லை. இதை யாரும் முதலில் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இ02 போய்விட்டது! ஆனால் மேட்டில் மோட்டாரின் உதவி மெலிதாகவே இருக்கிறது.

முதலில் பதிலளித்தவர்:
சென்சாரை அளவுதிருத்தம் செய்யுங்கள். பெடல் தண்டைக் கிடைமட்டமாக வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி வலது பெடலில் முழு எடையுடன் நில்லுங்கள். திரையில் வரும் எண்ணை அமைப்பில் பதியுங்கள்.