ஏழு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற ஜீப்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கோத்தகிரி):
தேயிலை மூட்டை சுமந்த எங்கள் மஹிந்திரா எம்எம் 540 ஜீப், அப்பா மறைந்த பிறகு ஏழு மழைக்காலங்களாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. தரைத்தகடு, கால் வைத்தால் அப்பளமாக நொறுங்குகிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்றும், பின்புற ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் மொத்தென்றும் ஒலிக்கிறது. புது பேட்டரி போட்டு இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாமா?

பதில் (குன்னூர்):
அவசரப்பட வேண்டாம், ஐயா. அந்த 2,112 சிசி பெஜோ டீசல் இன்ஜினின் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்தபின், இன்ஜினின் முன்புறம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால்தான் பேட்டரியைப் பற்றி நினைக்க வேண்டும். பழைய டீசலையும் வடித்துவிடுங்கள். நம் மூடுபனிக்கு டேங்கின் அடியில் தண்ணீர் சேராமல் இருக்காது.

பதில் (உதகை):
எனக்குக் கவலை அந்த மொத்தென்ற ஒலிதான்; துரு அரித்த இரும்புதான் அப்படி ஒலிக்கும். தரைத்தகட்டை எந்த வெல்டரும் மாற்றிவிடுவார். ஸ்பிரிங் தாங்கி இற்றுப்போனால் உதகை அருகே உள்ள செங்குத்தான கல்லட்டிச் சரிவில் அச்சே விலகிவிடும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதால் சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களும் துருவேறி இறுகியிருக்கும். அவற்றை மாற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். நான் நகர்த்தித் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றேன்.

கேட்டவர்:
நன்றி. எண்ணெய் விட்டு மூன்றாம் நாள், புல்லி கால் சுற்று அசைந்திருக்கிறது.